ஒப்பந்தப் பென்டெஸ்டர் வேலை: ஸ்கோப்பில் தொடங்கி மறுசோதனை வரை

நிறுவனத்தின் அனுமதியோடு அதன் கணினி அமைப்புகளைத் தாக்கிப் பார்த்து, பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டு சொல்பவர் பென்டெஸ்டர். நீங்கள் ஒரு சர்வரை உடைத்துப் பார்ப்பதும் ஒரு திருடன் உடைப்பதும் தொழில்நுட்ப அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டையும் பிரிப்பது ஒரு கையெழுத்து. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பென்டெஸ்டருக்கு அந்தக் கையெழுத்தை நிறுவனத்தின் சட்டப் பிரிவு வாங்கித் தந்துவிடும். ஒப்பந்தத்தில் தனியாக இயங்குபவர் தானே கேட்டு, தானே படித்து, தானே சரிபார்க்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் கருவிகளைவிடக் காகிதம் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

வேலை வரும் வழி

ஒப்பந்த வேலை இரண்டு வாசல் வழியாக வரும். சோதனை தேவைப்படும் நிறுவனமே நேரடியாக உங்களை அமர்த்தலாம். அல்லது ஒரு பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம், கையில் ஆள் போதாதபோது உங்களை நாள் கணக்கில் எடுத்துத் தன் பெயரில் அனுப்பலாம். தொடங்குபவர்களுக்கு இரண்டாவதே நல்லது. விற்பனை, சட்டம், ரிப்போர்ட் வார்ப்புரு எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் ரிப்போர்ட்டை மூத்தவர் ஒருவர் சிவப்பு மையில் திருத்தித் தருவார். அந்தத் திருத்தத்துக்கு இணையான பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைக்காது. பதிலுக்கு நாள் கட்டணம் குறையும், பணம் 30 முதல் 60 நாள் கழித்து வரும்.

ஆள் எடுக்கும்போது, பென்டெஸ்ட் திறனைச் செய்முறைத் தேர்வால் சோதிக்கும் ஓஎஸ்சிபி சான்றிதழ் இருக்கிறதா என்று பலரும் கேட்பார்கள். 23 மணி 45 நிமிடம் தேர்வு, பிறகு ரிப்போர்ட் எழுத இன்னொரு 24 மணி நேரம். சான்றிதழைவிட அதிகம் பேசுவது மாதிரி ரிப்போர்ட். வெப் செயலிப் பாதுகாப்புக்கான ஒவாஸ்ப் அமைப்பின் ஜூஸ் ஷாப் போல, வேண்டுமென்றே ஓட்டைகளோடு வெளியிடப்பட்ட பயிற்சிச் செயலி ஒன்றைச் சோதித்து, நிஜ வேலைக்கு எழுதுவது போலவே பத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாடிக்கையாளரின் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் அழித்துவிட்டுக் காட்டுபவரை விவரம் தெரிந்தவர் மறுபடி கூப்பிட மாட்டார். அடுத்து அழிக்கப்படப் போகும் பெயர் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும்.

நாள் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான். வருடத்தில் வேலை நாள் சுமார் 260. விடுமுறை, உடல்நலக் குறைவு, படிப்பு, விலைப்புள்ளி எழுதுவது, கடைசி நேரத்தில் தள்ளிப்போகும் திட்டங்கள் எல்லாம் போக, பில் போடக்கூடியது 120 முதல் 140 நாள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. வருடத்துக்கு வேண்டிய தொகையோடு வரி, தொழில் பொறுப்புக் காப்பீடு, பர்ப் சூட் (வெப் சோதனைக் கருவி) உரிமம், லேப்டாப் தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டி 130-ஆல் வகுங்கள். பழைய சம்பளத்தை 260-ஆல் வகுத்துக் கட்டணம் சொன்னவர்கள் ஆறே மாதத்தில் திரும்ப வேலை தேடுவார்கள்.

ஸ்கோப்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

“எங்கள் வெப்சைட்டைச் செக் பண்ணித் தர வேண்டும்” என்பது ஸ்கோப் ஆகாது. விலை சொல்வதற்கு முன் இவற்றுக்குப் பதில் வாங்குங்கள்: எத்தனை வகைப் பயனர்கள்? உள்ளீடு வாங்கும் திரைகள் எத்தனை? ஏபிஐ (பிற நிரல்கள் செயலியோடு பேசும் வழி) இருந்தால், அதன் கோரிக்கைகளைப் பட்டியலிடும் ஸ்வாகர் கோப்போ போஸ்ட்மேன் தொகுப்போ கிடைக்குமா? சோதனை நடக்கப்போவது நேரலைச் சர்வரிலா, ஸ்டேஜிங்கிலா (வெளியீட்டுக்கு முந்தைய நகல்)? கோப்பு ஏற்றும் வசதி உண்டா? பணம் செலுத்தும் பகுதி யாருடையது? நடுவில் வாஃப் (வெப் தாக்குதல்களைத் தடுக்கும் அரண்) இருக்கிறதா? முடிந்தால் அரை மணி நேரம் திரையைப் பகிர்ந்து செயலியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பத்து மின்னஞ்சலில் வராதது அந்த அரை மணியில் வந்துவிடும்.

பயனர் வகைகளின் எண்ணிக்கை நாள் கணக்கை நேராகக் கூட்டாது, பெருக்கும். ஒவ்வொரு வகையின் வசதியையும் மற்ற ஒவ்வொரு வகையின் செஷனிலிருந்தும் (உள்நுழைந்த நிலையிலிருந்தும்) தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வகை என்றால் 2 திசை. நான்கு வகை என்றால் 12 திசை. “இன்னும் ரெண்டு ரோல்தான், அதே விலைக்குப் பார்த்துக்கொடுங்கள்” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மூன்று வகைப் பயனர், 40 திரை, 60 ஏபிஐ முனை (கோரிக்கை வாங்கும் முகவரி) உள்ள நடுத்தரச் செயலிக்கு ஒரு நாள் கருவிகளை அமைப்பதும் செயலியை வரைபடமாக்குவதும், ஐந்து நாள் சோதனை, இரண்டு நாள் ரிப்போர்ட் என எட்டு நாள் கேட்பது நியாயம். சரிசெய்ததை மீண்டும் பார்க்கும் மறுசோதனை தனியாக அரை நாள் முதல் ஒரு நாள். ரிப்போர்ட்டுக்கு மொத்த நேரத்தில் கால் பங்கை ஒதுக்காதவர், அதைத் தூக்கத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

ஐபி முகவரிகளை எழுதும்போது எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள்: “203.0.113.40 முதல் 203.0.113.55 வரை, 16 முகவரிகள்.” 55 என்பது 155 என்று தட்டச்சாகியிருந்தால் எண்ணிக்கை இடித்துக் காட்டிவிடும். பிறகு ஒவ்வொரு வரம்பையும் ஹூஇஸ் (முகவரிகளின் உரிமையாளர் யார் என்று காட்டும்) பதிவில் பார்த்து, உரிமையாளர் வாடிக்கையாளர்தானா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் வேலையைத் தொடங்காமல் எழுத்தில் கேளுங்கள். டொமைன் ஒரு சிடிஎன் (தளத்தின் பக்கங்களைப் பல இடங்களிலிருந்து பரிமாறும் இடைநிலைச் சேவை) பின்னால் இருந்தால், அது காட்டும் ஐபி அந்த சிடிஎன் நிறுவனத்தினுடையது. அதைப் போர்ட் ஸ்கேன் செய்வது (எந்தெந்தச் சேவை வாசல்கள் திறந்திருக்கின்றன என்று தேடுவது) அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதாகும்.

கிளவுடில் இப்போது முன்பளவு சிக்கல் இல்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும், வாடிக்கையாளர் தன் கணக்கில் உள்ளவற்றைச் சோதிக்க முன்அனுமதி கேட்பதில்லை. மைக்ரோசாஃப்ட் அஸ்யூர் முன்அனுமதி கேட்பதை 2017 ஜூனில் கைவிட்டது. ஆனால் அமேசான், எந்தெந்தச் சேவைகளுக்கு இந்தச் சலுகை பொருந்தும் என்று பட்டியலிட்டிருக்கிறது. சேவை மறுப்புத் தாக்குதல் (கோரிக்கைகளால் நிரப்பிச் சர்வரை முடக்குவது) அந்தச் சலுகைக்குள் வராது. திட்டம் தொடங்கும் அன்று அந்தக் கொள்கைப் பக்கத்தைத் திறந்து, தேதியோடு சேமித்து வையுங்கள்.

கையெழுத்து போடுபவருக்கு அதிகாரம் இருக்கிறதா

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரவில் நுழைந்து சோதித்த இரண்டு பென்டெஸ்டர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களிடம் அனுமதிக் கடிதம் இருந்தது. அமர்த்தியது மாநில நீதித்துறை நிர்வாகம். கட்டடமோ மாவட்டத்துக்குச் சொந்தம். அனுமதி தரும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று மாவட்டக் காவல் தரப்பு நின்றது. வழக்கு 2020 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது.

எனவே அனுமதிக் கடிதத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: சோதிக்கப்படும் அமைப்புகளின் பட்டியல், தொடங்கும் முடியும் தேதியும் நேரமும் நேர மண்டலத்தோடு, சோதிப்பவரின் முழுப்பெயரும் அவர் பயன்படுத்தும் ஐபி முகவரியும், அனுமதிக்கப்பட்ட முறைகளும் தடை செய்யப்பட்டவையும், கையெழுத்திட்டவரின் பதவியோடு “இவற்றின் மீது எனக்கு அதிகாரம் உண்டு” என்ற வரி. ஐடி மேலாளரின் “ஓகே, கோ அஹெட்” மின்னஞ்சல் கடிதம் ஆகாது. ஆலோசனை நிறுவனம் வழியாகப் போகிறீர்கள் என்றால், துணை ஒப்பந்ததாரருக்கும் அனுமதி பொருந்தும் என்று கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கேட்டால் ஒரு நாளில் சேர்த்துத் தருவார்கள்.

ஒப்பந்தத்தில் கண் வைக்க வேண்டிய பிரிவுகள் சில. நட்டப் பொறுப்புக்கு உச்சவரம்பு வேண்டும். உங்கள் மொத்தக் கட்டணமோ காப்பீட்டுத் தொகையோ அதற்கு அளவுகோல். “அனைத்துப் பாதிப்புகளையும் கண்டறிவார்” என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். குறித்த நாளில், குறித்த முறையில், நியாயமான திறமையோடு சோதிப்பதற்கு மட்டும்தான் நீங்கள் உறுதி தர முடியும். கருவிகளும் ஸ்கிரிப்ட்களும் உங்களுடையவை, ரிப்போர்ட் அவர்களுடையது. தொடங்கும் தேதிக்கு ஐந்து வேலை நாளுக்குள் தள்ளிப்போட்டால் பாதிக் கட்டணம் என்று எழுதுங்கள், ஏனென்றால் அந்த வாரத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. புது வாடிக்கையாளரிடம் 30 முதல் 50 சதவீதம் முன்பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முதல் நாள் வீணாகாமல் இருக்க

திங்கள் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் விபிஎன் இணையாது, கொடுத்த கணக்கு பூட்டியிருக்கும், ஓடிபி போகும் கைப்பேசி விடுமுறையில் இருப்பவரிடம் இருக்கும். முன்தேவைகளை மூன்று வேலை நாளுக்கு முன்பே வாங்கி, ஒருமுறை உள்நுழைந்து பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பயனர் வகைக்கும் இரண்டு கணக்கு கட்டாயம் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பயனர் இன்னொருவரின் தரவைப் பார்க்க முடிகிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள்? இரண்டும் வெவ்வேறு கிளை அல்லது நிறுவனத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் இன்னும் நல்லது.

வாஃபில் உங்கள் ஐபியை விலக்கச் சொல்லுங்கள். “நிஜத் தாக்குதல்காரனுக்கு விலக்கு கிடைக்குமா?” என்று மறுப்பார்கள். தாக்குபவனுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது, உங்களுக்கு ஐந்து நாள். அந்த ஐந்தும் வாஃபைச் சுற்றிப் போவதில் கழிந்தால் செயலி சோதிக்கப்படாமலே நிற்கும். வேண்டுமானால் கடைசி அரை நாள் விலக்கை நீக்கி, கண்டுபிடித்த ஓட்டைகளை வாஃப் தடுக்கிறதா என்று தனியாகப் பார்த்து எழுதலாம்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினி), மறைகுறியாக்கிய வட்டில். இரவில் போனை எடுக்கும் ஒருவரின் எண் இரு தரப்பிலும் இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது எவை உடையும், ஏன்

முறை பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒவாஸ்ப் அமைப்பின் வெப் சோதனை வழிகாட்டியைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொண்டு, விட்டுப்போனதற்குக் காரணம் எழுதிக்கொண்டே போங்கள். பழகியவர்களும் வழுக்கி விழும் இடங்கள் வேறு.

ஸ்கேனர் எல்லாப் பொத்தானையும் அமுக்கும். நிர்வாகி கணக்கில் உள்நுழைந்து தானியங்கி ஸ்கேனை ஓட விட்டால், “நீக்கு” என்ற இணைப்பையும் அது விசுவாசமாகத் தொடும். தொடர்புப் படிவத்தை நூற்றுக்கணக்கான முறை அனுப்பி, வாடிக்கையாளரின் உதவி மையத்தை மின்னஞ்சலால் நிரப்பும். முதலில் கையால் செயலி முழுவதையும் நடந்து பாருங்கள். அழிக்கும், அனுப்பும், பணம் எடுக்கும் கோரிக்கைகளை விலக்குப் பட்டியலில் போடுங்கள். பிறகு மிச்சத்துக்கு மட்டும், குறைந்த வேகத்தில் ஸ்கேன்.

இதைவிட ஆபத்தான தவறு சத்தம் போடாதது. ஸ்கேனர் “வெளியேறு” இணைப்பைத் தொட்டதும் செஷன் செத்துவிடும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பதிலும் உள்நுழைவுப் பக்கம்தான், அதுவும் “எல்லாம் சரி” என்று பொருள்படும் 200 என்ற நிலைக் குறியீட்டோடு. நான்கு மணி நேரம் ஓடி முடித்து, ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கும். உள்நுழைந்த பயனருக்கு மட்டும் தெரியும் ஒரு சொல், உதாரணமாகப் பயனர் பெயர், பதிலில் இருக்கிறதா என்று பர்ப் சூட்டின் செஷன் விதியில் சரிபார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தானாக மறுபடி உள்நுழையட்டும்.

தரவுத்தள வினவலுக்குள் புக வழி இருக்கிறதா என்று தேடும் எஸ்க்யூஎல்மேப் கருவியில் ரிஸ்க் அளவு 1 முதல் 3 வரை. 3-ல் அது “அல்லது” நிபந்தனை கொண்ட உள்ளீடுகளைச் சேர்க்கும். அந்த உள்ளீடு போய் விழும் இடம் தேடல் வினவல் என்றால் பிரச்சினையில்லை. ஒரு வரிசையைப் புதுப்பிக்கும் வினவல் என்றால், நிபந்தனை எப்போதும் உண்மையாகி, அட்டவணையின் எல்லா வரிசைகளும் மாறிவிடும். ஒரு பயனரின் முகவரியைத் திருத்தப் போய் எல்லாருடைய முகவரியும் ஒன்றாகிவிடும். நேரலைத் தளத்தில் 3 வேண்டாம்.

உள் நெட்வொர்க்கில் கடவுச்சொல் தெளிப்பு (பல கணக்குகளில் ஒரே கடவுச்சொல்லைப் போட்டுப் பார்ப்பது) செய்யும் முன், எத்தனை தவறான முயற்சியில் கணக்கு பூட்டப்படும் என்ற பூட்டு வரம்பைக் கேட்டு வாங்குங்கள். வரம்பு 5 என்றால் நான்கு முயற்சி பாதுகாப்பு என்று கணக்குப் போடாதீர்கள். காலையில் அந்தப் பயனரே மூன்று முறை தப்பாக அடித்திருப்பார். ஒரு கால இடைவெளிக்கு ஒரு முயற்சி போதும். விண்டோஸ் டொமைனின் (நிறுவனக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பின்) பொதுக் கடவுச்சொல் கொள்கையைச் சாதாரணக் கணக்காலும் படிக்க முடியும். ஆனால் குறிப்பிட்ட குழுக்களுக்கென்று தனியாக வைத்த கடவுச்சொல் கொள்கைகளைப் படிக்கும் உரிமை இயல்பாகச் சாதாரணப் பயனருக்கு இல்லை. இயக்குநர்கள் குழுவுக்கு வரம்பு 3 என்று வைத்திருந்தால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே எல்லா இயக்குநர்களையும் பூட்டிவிடுவீர்கள்.

பிரிண்டர்களையும் மறக்காதீர்கள். 9100 போர்ட்டுக்கு எது வந்தாலும் பல பிரிண்டர்கள் அச்சடித்துவிடும். நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் என்மேப் கருவி இதனால்தான் சேவைப் பதிப்பு கண்டறியும்போது 9100 முதல் 9107 வரை தானாகவே தவிர்க்கிறது. எல்லாக் கருவிகளும் அவ்வளவு நல்லவை அல்ல.

என்மேப் இயல்பாகப் பார்ப்பது 1000 டிசிபி போர்ட்களை மட்டும்; 65,535-ஐயும் பாருங்கள், நிர்வாகப் பக்கங்கள் உயரமான எண்களில் ஒளிந்திருக்கும். யூடிபி என்ற இன்னொரு வகைப் போர்ட்களுக்கு இதே ஆசை வேண்டாம். மூடிய போர்ட்டுக்கு “இங்கே யாரும் இல்லை” என்று பதில் அனுப்புவதைப் பல லினக்ஸ் இயந்திரங்கள் வினாடிக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தும். 65,535 போர்ட்டுக்கு 65,535 வினாடி என்றால் ஓர் இயந்திரத்துக்கு 18 மணி நேரம். பரவலாகப் பயன்படும் நூறு யூடிபி போர்ட்களோடு நிறுத்தி, அப்படி நிறுத்தியதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

வாடிக்கையாளரின் தரவு வெளியே கசியும் வழிகளும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. கிடைத்த ஹேஷ்களை (கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவங்களை) இணையத்தில் உள்ள உடைப்புத் தளங்களில் போடுவது, சந்தேகக் கோப்பை வைரஸ் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுவது, மூலநிரலை ஏஐ உரையாடல் பெட்டியில் ஒட்டுவது எல்லாம் மூன்றாம் நபருக்குக் கொடுப்பதுதான். சோதிக்கப்படும் சர்வர் வெளியே தொடர்புகொள்வதைப் பிடிக்கும் பர்ப் கொலாபரேட்டரும் இயல்பாக அதன் தயாரிப்பாளரின் பொதுச் சர்வருக்கே பதில்களை வாங்கும். கண்டிப்பான வாடிக்கையாளருக்குச் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளுங்கள்.

வெப்ஷெல் (உலாவி வழியாகச் சர்வரில் கட்டளை இட உதவும் கோப்பு) ஏற்றினாலோ, கணக்கு உருவாக்கினாலோ, அந்த நிமிடமே பாதையையும் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்ஷெல்லுக்குக் கடவுச்சொல் போடுங்கள், உங்கள் ஐபியிலிருந்து மட்டும் திறக்கட்டும். ஏற்கெனவே வேறு யாரோ ஏற்றிய வெப்ஷெல்லைக் கண்டால் சோதனையை அப்படியே நிறுத்தி, எதையும் அழிக்காமல், போன் செய்யுங்கள்.

சான்று சேர்ப்பது

டெர்மினல் முழுவதும் கோப்பில் பதிவாகட்டும். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வையுங்கள். மூன்றாம் நாள் மதியம் அவர்களின் சர்வர் விழுந்தால் முதலில் வரும் கேள்வி “நீங்களா?” என்பது. “14:10 முதல் 15:00 வரை எந்தக் கோரிக்கையும் அனுப்பவில்லை” என்று பதிவோடு சொல்ல முடிந்தால் பேச்சு அங்கேயே முடியும். நீங்கள்தான் காரணம் என்றாலும் அதே பதிவைக் கொடுங்கள். எந்தக் கோரிக்கை விழ வைத்தது என்று தெரிந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

ஸ்கிரீன்ஷாட்டில் கடவுச்சொல்லையும் வாடிக்கையாளர்களின் பெயரையும் மறைக்கும்போது மங்கலாக்காதீர்கள். மங்கல் எழுத்தை மீட்க முடியும். கெட்டியான கறுப்புப் பட்டை போட்டு, பட்டையும் படமும் ஒரே அடுக்காகும்படி தட்டையாக்கிச் சேமியுங்கள். பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் பட்டை மட்டும் வரைந்தால் கீழே உள்ளதை நகலெடுக்கலாம். வெட்டுவதையும் நம்ப வேண்டாம்: பிக்சல் போன்களின் திருத்தும் கருவி வெட்டிய படத்தில் நீக்கிய பகுதி கோப்புக்குள்ளேயே தங்கியிருந்தது 2023-ல் வெளிவந்தது.

ரிப்போர்ட்: ஒரு கண்டுபிடிப்பை எழுதுவது

வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கும் பொருள் ரிப்போர்ட்தான். அதில் இரண்டு வாசகர்கள். முதல் இரண்டு பக்கத்தைப் படிப்பவர் பணம் ஒதுக்குபவர். மிச்சத்தைப் படிப்பவர் அதைச் சரிசெய்யும் டெவலப்பர். ஸ்கேனர் துப்பியதை அப்படியே ஒட்டினால் இருவருக்கும் உதவாது. டெவலப்பருக்கான பகுதி இப்படி இருக்கலாம் (அதில் வரும் சிவிஎஸ்எஸ், ஓட்டையின் தீவிரத்தைப் பத்துக்கு இவ்வளவு என்று அளக்கும் முறை):

“தலைப்பு: எந்தப் பயனரும் பிற நிறுவனங்களின் இன்வாய்ஸைப் பதிவிறக்கலாம்.
மதிப்பீடு: நடுத்தரம், சிவிஎஸ்எஸ் 3.1-ல் 6.5.
நடப்பது: இன்வாய்ஸைத் தரும் ஏபிஐ, கேட்பவர் உள்நுழைந்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறது; அந்த இன்வாய்ஸ் அவருடையதா என்று பார்ப்பதில்லை.
மீண்டும் செய்து பார்க்க: சோதனைக் கணக்கு அ-வில் உள்நுழைந்து இன்வாய்ஸ் 1041-ஐத் திறக்கவும். கோரிக்கையில் எண்ணை 1042 ஆக்கி மீண்டும் அனுப்பவும். கணக்கு ஆ-வின் இன்வாய்ஸ், முகவரி மற்றும் வரி எண்ணோடு வருகிறது.
அளவு: 1042, 1043 ஆகிய இரண்டை மட்டும் திறந்தோம், இரண்டும் சோதனைக் கணக்குகளுடையவை.
சரிசெய்ய: இன்வாய்ஸைத் தரவுத்தளத்தில் தேடும்போதே நிறுவன அடையாளத்தையும் நிபந்தனையாகச் சேர்க்கவும். எண்ணை ஊகிக்க முடியாத நீளமான குறியீடாக மாற்றுவது மட்டும் போதாது.”

“அளவு” என்ற வரியைக் கவனியுங்கள். ஓட்டை இருப்பதை நிரூபிக்க இரண்டு போதும். ஆயிரம் இன்வாய்ஸை இறக்கினால் நீங்களே தரவுக் கசிவுக்குக் காரணமாகிவிடுவீர்கள். கடைசி வரியும் காரணத்தோடு வந்தது: டெவலப்பர்கள் முதலில் செய்வது எண்ணை மாற்றுவதைத்தான்.

இதே ஓட்டையில் படிப்பதோடு திருத்தவும் முடிந்தால் மதிப்பு 8.1 ஆகி, உயர் பிரிவுக்குப் போகும். சிவிஎஸ்எஸ் 4.0 2023 நவம்பரில் வந்தது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று தொடங்கும்போதே கேளுங்கள், பல நிறுவனங்களின் கண்காணிப்புக் கருவிகள் இன்னும் 3.1-ஐத்தான் எடுக்கின்றன. “இதை நடுத்தரம் ஆக்கிவிடுங்களேன், ஆடிட் இருக்கிறது” என்ற கோரிக்கை நிச்சயம் வரும். புதிய தகவல் தந்தால் மாற்றுங்கள். தகவல் இல்லாமல் மாற்றாதீர்கள். இந்த ஆபத்தை ஏற்கிறோம் என்ற அவர்களின் விளக்கத்தை மதிப்பீட்டுக்குக் கீழே சேர்க்கலாம்.

அதிதீவிரமான ஓட்டை என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போனில் சொல்லி, மறைகுறியாக்கிய மின்னஞ்சலில் ஒரு பக்கம் அனுப்புங்கள். சோதிக்க முடியாமல் போனவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: “இரண்டாம் நாள் ஸ்டேஜிங் சர்வர் ஐந்து மணி நேரம் இயங்கவில்லை, கோப்பு ஏற்றும் பகுதி முழுமையாகப் பார்க்கப்படவில்லை.” ஆறு மாதம் கழித்து அந்தப் பகுதியில் ஏதாவது நடந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது இந்தப் பத்திதான்.

மறுசோதனையும் துடைப்பும்

மறுசோதனையை ஒருமுறை, ரிப்போர்ட் கொடுத்த 30 முதல் 60 நாளுக்குள், ரிப்போர்ட்டில் உள்ளவற்றுக்கு மட்டும் என்று வரையறுங்கள். வரையறுக்காவிட்டால் புதிதாக எழுதிய பகுதிகளும் “மறுசோதனை” என்ற பெயரில் வந்து சேரும். பழைய கோரிக்கையை அப்படியே அனுப்பிப் பார்த்துவிட்டு “சரியானது” என்று எழுதாதீர்கள். இன்வாய்ஸை மூடியிருப்பார்கள், பக்கத்திலேயே இருக்கும் ரசீது ஏபிஐ அதே ஓட்டையோடு திறந்தே இருக்கும். கார்டு பரிவர்த்தனை செய்யும் நிறுவனம் என்றால், கார்டு தரவுப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் 4.0.1 தரநிலையின் 11.4 பிரிவு குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறையும் பெரிய மாற்றத்துக்குப் பிறகும் சோதனையைக் கேட்கிறது. கண்டதைச் சரிசெய்து மறுபடி சோதித்ததையும் கேட்கிறது. அடுத்த வருடத் தேதியை இப்போதே பேசி வைக்கலாம்.

குறித்து வைத்த பட்டியலைப் பார்த்து வெப்ஷெல், சோதனைக் கணக்கு, ஏற்றிய கோப்பு ஒவ்வொன்றையும் நீக்கி, நீக்க முடியாதவற்றின் பாதையை வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாஃப் விலக்கையும் விபிஎன் கணக்கையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவை வருடக்கணக்கில் கிடக்கும். ஒப்பந்தத்தில் சொன்ன நாள், வழக்கமாக 90, கழிந்ததும் விர்ச்சுவல் மெஷினையும் மறைகுறியாக்கத் திறவுகோலையும் அழித்து, அழித்த தேதியை இரண்டு வரி மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையெழுத்தான அனுமதிக் கடிதத்தையும் டெர்மினல் பதிவையும் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டையும் 90 நாளில் அழிக்காதீர்கள்.